மே மாத மேசைக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம்

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தும் முதுகலை ஆசிரியை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுவதைப் பற்றித்தான் இந்த மடல். தோற்கிற பிள்ளைக்கும் நின்றுபோகிற பிள்ளைக்கும் நாம் எவ்வளவோ செய்கிறோம். வீடு தேடிப் போகிறோம், ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம், மறுதேர்வுக்குப் பணம் கட்டுகிறோம். அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. ஆனால் 480 எடுக்கிற பிள்ளை விஷயத்தில் நம் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அந்த நினைப்பு தப்பு என்று எனக்குப் புரிய பல வருஷம் ஆனது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் அந்த மேசை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மாணவர் விவரம் ஏற்றும் எமிஸ் தளம் திறந்த கம்ப்யூட்டர், இன்னொரு பக்கம் சேர்க்கைப் பதிவேடு. வெளியே வராந்தாவில் டி.சி., ஜெராக்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பெற்றோர் நிற்பார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் அந்த மேசையில் குரூப் எழுதும் வேலை எனக்கு. 478 மார்க் எடுத்த ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். அப்பா கொத்தனார். "டாக்டரா, இன்ஜினியரா?" என்று கேட்டோம். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "நீங்களே பார்த்துப் போடுங்க டீச்சர்" என்றார். பக்கத்தில் இருந்த யாரோ, "டாக்டர்னா மேத்ஸ் எதுக்கு? பியூர் சயின்ஸ் போடுங்க, நீட்டுக்கு நேரம் கிடைக்கும்" என்றார்கள். நானும் எழுதிவிட்டேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு சமயத்தில் அவள் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். கையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. உள்ளே பக்கம் பக்கமாக வீட்டு பிளான். அப்பா வேலை செய்கிற வீடுகளுக்கு அவள் தானாகவே போட்டுப் பார்த்தவை. படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பினால் சமையலறைக்கு வெளிச்சம் வரும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள். சுவர் சுவராக எத்தனை செங்கல் என்று ஓரத்தில் கணக்கு. "மிஸ், ஆர்க்கிடெக்சர்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். பி.ஆர்க். சேர பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். அவளிடம் கணிதம் இல்லை. எடுக்காமல் விட்டது அவள் இல்லை, நான்.

அந்த நோட்டு ஒன்பதாம் வகுப்பிலேயே அவள் பையில் இருந்தது. நான் கேட்டிருந்தால் காட்டியிருப்பாள்.

இது ஒரு பெண்ணின் கதை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கணிதம் இல்லாத குரூப்பில் ஒரு பிள்ளையைப் போட்டால் பொறியியலோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் மூடுகிறோம் தெரியுமா? கட்டடக்கலை போய்விடும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட்., பி.மேத். போய்விடும். அங்கே கல்விக் கட்டணமே கிடையாது, மாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். கப்பல் அதிகாரிப் படிப்பு, விமானி உரிமம் இரண்டுக்கும் இயற்பியலோடு கணிதமும் வேண்டும். வணிகவியல் எடுத்த கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இதே கதைதான். பொருளியல் ஆனர்ஸ் படிக்க ஆசைப்பட்டால் பல நல்ல கல்லூரிகள் கணிதம் படித்தாயா என்றுதான் முதலில் கேட்கின்றன. பிள்ளை "எனக்கு மேத்ஸ் வேண்டவே வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னால் சரி. வாயே திறக்காத பிள்ளைக்கு நாம் கணிதத்தை எடுத்துவிடக் கூடாது. நான் கணித டீச்சர் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று தோன்றலாம். இல்லை, பதினைந்து வயதில் கதவு திறந்தே இருக்கட்டும் என்பதால் சொல்கிறேன்.

குரூப்புக்கு அடுத்தது தேதி. உயர்கல்விக்கு வழிகாட்ட அரசு நடத்தும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி 2022இலிருந்து நடக்கிறது, நல்ல விஷயம். எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் கல்லூரிப் படி ஏறுகிறார்கள். ஆனால் அது பிளஸ் டூ தேர்வு முடிந்து நடக்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடும். விண்ணப்பம் காலாண்டுத் தேர்வையொட்டி ஓடிக்கொண்டிருக்கும். திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் நம் மாநிலத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தேர்வுதான் வழி. வடிவமைப்புப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு தேசிய வடிவமைப்பு நிறுவனம் (NID), தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் (நிஃப்ட்) விண்ணப்பங்களும் அரையாண்டுத் தேர்வையொட்டியே வந்து போய்விடும். ஜே.இ.இ. முதல் தேர்வு ஜனவரியில். கணித ஒலிம்பியாடின் முதல் கட்டம் செப்டம்பரில், அதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையே உட்காரலாம். அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் தேர்வு, சென்னைக் கணிதவியல் கழகத்தின் தேர்வு, புள்ளியியல் நிறுவனத்தின் தேர்வு மூன்றுக்கும் பொதுத்தேர்வு நடக்கிற மார்ச், ஏப்ரலில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் நம் பள்ளியில் யாருக்காவது தலை நிமிர நேரம் இருக்கிறதா?

பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளில் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித் தயார் செய்கிறார்கள். அங்கிருந்து பிள்ளைகள் பெரிய நிறுவனங்களுக்குப் போவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளிதான். அங்கே போக முடியாத, வீட்டில் அனுப்ப மனம் வராத பிள்ளைகள்தான் நம்மிடம் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பதில் நாம் குறை வைப்பதே இல்லை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு, அதில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. அப்புறம் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, மாநிலம் முழுக்க 500 மாணவர், 500 மாணவியர். நம் பள்ளியில் ஒரு பிள்ளை தேறிவிட்டால் அசெம்பிளியில் கைதட்டுகிறோம், வங்கிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுக்கிறோம். அதற்கப்புறம்? மாதம் பணம் ஏறுகிறதா என்று கேட்கிறோமே தவிர, "உனக்கு எது பிடிக்கும்" என்று யாரும் கேட்பதில்லை. பிரித்தெடுத்த நெல்லை மூட்டை கட்டி மூலையில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சுழல் தசம எண்கள். 1ஐ 7ஆல் வகுத்தால் 142857 என்று ஆறு இலக்கம் திரும்பத் திரும்ப வரும், புத்தகத்தில் உள்ளதுதான். மறுநாள் ஒரு பையன் ரஃப் நோட்டைக் கொண்டுவந்தான். பின்பக்கம் முழுக்க நெடுவகுத்தல். 17ஆல் வகுத்திருக்கிறான், பதினாறு இலக்கம் சுழல்கிறது. 19ஆல் வகுத்திருக்கிறான், பதினெட்டு இலக்கம். அப்புறம் 13. அதில் மட்டும் ஆறே இலக்கம், 076923. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். "மிஸ், 7க்கு ஆறு, 17க்கு பதினாறு, 19க்கு பதினெட்டு. எல்லாத்துக்கும் ஒண்ணு கம்மியா வருது. 13க்கு மட்டும் பன்னிரண்டு வராம ஏன் பாதியில நின்னுடுது?"

எவ்வளவு பெரிய கேள்வி! எண் கோட்பாட்டின் வாசலில் தானாக வந்து நின்றிருக்கிறான். பகு எண் ஒன்றையாவது போட்டுப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஒரு மாதத்துக்கு வேலை இருந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் போர்ஷன் முடிக்க வேண்டியிருந்தது. "இது எக்ஸாமுக்கு வராதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் பத்தாம் வகுப்பில் பள்ளி முதல். ஃபர்ஸ்ட் குரூப். பள்ளி முதல் என்றால் டாக்டர்தானே, ஊரே அப்படித்தான் பேசியது. நீட் இரண்டு முறை எழுதினான். அப்புறம் கிடைத்த கல்லூரியில் கிடைத்த பாடம். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஓடி வந்தான். "மிஸ், 13க்கு ஏன் ஆறு வருதுன்னு தெரிஞ்சிடுச்சு. யூடியூப்ல ஒருத்தர் சொன்னார். பகா எண்ணா இருந்தா, அதுல ஒண்ணு கம்மியான நம்பரை மீதி இல்லாம வகுக்குற ஏதாவது ஒரு நம்பர்தான் வருமாம். பன்னிரண்டை ஆறு வகுக்குதுல்ல." அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஆறு வருஷம் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே இருந்திருக்கிறான்.

சிறுசேரி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. 1989இல் அதை ஆரம்பித்த சி.எஸ்.சேஷாத்ரி, உலகமே மதித்த கணித மேதை, செங்கல்பட்டில் வளர்ந்தவர். அந்தக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் இந்தப் பையன் கேட்ட மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்பார்கள், ஏன் அப்படி என்று எழுதிக் காட்டச் சொல்வார்கள். பள்ளி வாசலிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். அவனுக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அதனால்தான் தொழில் வழிகாட்டல் என்றதும் ஒரு பெரிய பட்டியலைப் பிள்ளை கையில் கொடுப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எல்லாப் பாடத்திலும் 95க்கு மேல் எடுக்கிற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று மார்க் லிஸ்ட் சொல்லாது. எல்லாமே வருகிற பிள்ளைக்குத்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டம். எதைச் சொன்னாலும் "சரி மிஸ்" என்று தலையாட்டும். யாரும் சொல்லாமல் அது தானாக என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். மதிய இடைவேளையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பி.டி. மாஸ்டருக்கும் தமிழ் ஐயாவுக்கும் சத்துணவு அம்மாவுக்கும் நமக்குத் தெரியாத விஷயங்கள் தெரியும். அவர்களையும் கேளுங்கள்.

அப்புறம் பிள்ளைக்கு வேலையைக் கண்ணால் காட்ட வேண்டும். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். வேடந்தாங்கலுக்கு வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப்போகிறோம், புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். அங்கே பறவைகளைக் கணக்கெடுப்பவர் யார், அவர் என்ன படித்தார் என்று ஒரு பிள்ளையாவது கேட்டதுண்டா? மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரி இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாமல்லபுரத்தில் 1957இலிருந்து அரசு சிற்பக்கலைக் கல்லூரி நடக்கிறது. கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் சுதையிலும் சிற்பம் செய்யக் கற்றுக்கொடுத்துப் பட்டம் தருகிறார்கள், மரபுக் கட்டடக்கலையும் இருக்கிறது. முட்டுக்காட்டில் இறால், கொடுவா மீன் வளர்ப்பை ஆராய்கிறார்கள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் முதலை பார்க்க டிக்கெட் வாங்குகிறோம், அங்கே ஊர்வனவற்றைப் பற்றி ஆராய்ச்சி நடப்பது தெரியாமல். உங்கள் மாவட்டத்திலும் இப்படிப் பத்து இடம் இருக்கும். சுற்றுலாவில் ஒரு மணி நேரத்தை, அங்கே வேலை செய்கிற ஒரு ஆளோடு உட்கார ஒதுக்கினால் போதும். காலையில் எத்தனை மணிக்கு வருவீங்க, சம்பளம் எவ்வளவு, எது பிடிக்காது என்றெல்லாம் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். கேட்கட்டும், தடுக்காதீர்கள்.

பெற்றோரிடம் பேசுவது இதைவிடப் பெரிய வேலை. அதுவும் பெண் பிள்ளை என்றால். வெளி மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்த மாணவியின் வீட்டுக்கு ஒரு முறை போனேன். நான் அந்த நிறுவனத்தின் பெருமையைப் பதினைந்து நிமிஷம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "ஹாஸ்டல் ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. அங்கே படிக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணின் நம்பரை எப்படியோ பிடித்து, வீடியோ காலில் அந்தக் கதவைக் காட்டச் சொன்னோம். தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள், சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினாள், சாம்பார் தண்ணியா இருக்கும் ஆன்ட்டி என்றாள். அம்மா சிரித்துவிட்டார். மறுவாரம் பெட்டி வாங்கினார்கள். சிறப்பு விருந்தினரை அழைத்துப் பொன்னாடை போடுவதைவிட, நம் பள்ளியில் படித்துவிட்டு இப்போது இரண்டாம் வருஷம் கல்லூரியில் இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்தாம் வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவோ மேல்.

பணத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அப்பா அம்மா வாய் திறந்து கேட்க மாட்டார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம், எய்ம்ஸ் போன்ற இடங்களில் சேரும் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கும் என்று 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணம் அரசுடையது. இது தெரியாமலே "நமக்கெல்லாம் எதுக்கு" என்று ஒதுங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி வாசலில் நாம் கட்டும் ஃப்ளெக்ஸையும் ஒரு தடவை பாருங்கள். மருத்துவ இடம் வாங்கிய பிள்ளையின் படம் பெரிதாக இருக்கும். இருக்கட்டும், அது உழைத்து வாங்கிய இடம். ஆனால் பி.எஸ்ஸி. புள்ளியியல் சேர்ந்த முதல் மார்க் மாணவிக்கு, சட்டம் படிக்கப் போனவனுக்கு, சிற்பக்கலையில் சேர்ந்தவனுக்கு அதில் இடம் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை தினமும் அந்தப் படத்தின் கீழேதான் நடந்து வருகிறது. ஜெயித்தவர் யார் என்று அது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வழிகாட்டலுக்கான 'நான் முதல்வன்' பாடவேளை கால அட்டவணையில் இருந்தும் அதில் கணக்கு நடத்திய ஆசிரியை நான். ஆனால் 2017-18இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பதினோராம் வகுப்பில் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. அதையும் பன்னிரண்டாம் வகுப்புப் போர்ஷனுக்குத் தின்னக் கொடுத்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் பதினொன்றில் ஆரம்பித்தால் குரூப் விஷயத்துக்கு உதவாது. குரூப் பற்றிய பேச்சு பத்தாம் வகுப்பின் ஜூனிலிருந்து காலாண்டு விடுமுறைக்குள் நடந்தாக வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் ரிவிஷன் ஆரம்பித்துவிடும், பிள்ளை காதில் எதுவும் ஏறாது. ஒரு பள்ளியில் நன்றாகப் படிக்கிற இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? பத்து, பதினைந்து. ஆளுக்கு அரை மணி நேரம், தனியாக, பெற்றோர் இல்லாமல். இன்னொரு அரை மணி நேரம் பெற்றோரோடு. பேசியதை ஒரு தாளில் எழுதி, மே மாதம் சேர்க்கை மேசைக்கு அந்தத் தாள் வர வேண்டும். "டாக்டரா, இன்ஜினியரா" என்று கேட்பவர் கையில் அது இருந்தாலே கேள்வி மாறிவிடும்.

இந்த வருஷம் என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அறிவியல் நோட்டில் எறும்புப் புற்று வாசல்களின் படத்தை மழைக்கு முன், மழைக்குப் பின் என்று தேதி போட்டு வரைந்து வைத்திருக்கிறாள். இதற்கு என்ன படிப்பு என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. விலங்கியல் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன், வேடந்தாங்கலில் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் எச்.எம்.மிடம் வரும் சனிக்கிழமை காலை அவளுக்காக அரை மணி நேரம் கேட்டேன். கொடுத்துவிட்டார். உங்கள் பள்ளியிலும் ஒரு டீச்சர் வந்து இப்படிக் கேட்டால், அந்தப் பாடவேளைக்கு வேறு ஆளைப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை,
செங்கல்பட்டு மாவட்டம்